கொப்பியில் இல்லாத நிரல்

ஆனி மாதத்து விடுமுறை நாளொன்றில் நாங்கள் பதினான்கு பேர் திருகோணமலையிலிருந்து மூதூருக்கு பஸ் ஏறினோம். 'மூலிகை நடை' என்று பெயர் வைத்து, நாங்களே போஸ்டர் செய்து, வட்ஸ்அப் குறூப்பில் போட்டு ஆள் சேர்த்த பயணம் அது. மூதூர் கிழக்கில் வாழும் வேடர் சமூகத்துப் பெரியவர்களோடு காட்டோரம் நடப்பது, அவர்களுக்குத் தெரிந்த செடி கொடிகளைக் கேட்டு எழுதுவது, பின்னேரம் திரும்பிவிடுவது. திட்டம் அவ்வளவுதான். எங்களில் பலர் கலைப்பீடம், ஒருத்தி மட்டும் சித்த மருத்துவம் படிப்பவள். அவள்தான் கொப்பியைத் தயார் செய்தாள். நான்கு நிரல்கள்: தமிழ்ப் பெயர், தாவரவியல் பெயர், பயன்படும் பாகம், தீரும் நோய்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை இந்தப் பாதையில் படகுப் பாதை இருந்தது என்று அம்மாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இப்போது பஸ் பாலத்தில் ஏறி இறங்கினால் மூதூர் கிட்ட வந்துவிடுகிறது. ஆனால் மூதூர் ரவுணிலிருந்து கிழக்கே, பாட்டாளிபுரம், நல்லூர், இளக்கந்தை, உப்பூறல் பக்கம் எங்களில் பதினொரு பேர் அதுவரை போனதே இல்லை. இதே மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். தம்பானைக்கு மட்டும் பாடசாலைச் சுற்றுலாவில் போயிருக்கிறோம், கோடரியைத் தோளில் வைத்த பெரியவரோடு நின்று படமும் எடுத்திருக்கிறோம். வேடர் என்றால் மஹியங்கனைப் பக்கம் இருப்பவர்கள், சிங்களம் கலந்த ஒரு மொழி பேசுபவர்கள் என்றுதான் எங்கள் மண்டையில் பதிந்திருந்தது. தமிழ் பேசுகிற, கடலில் வலை போடுகிற வேடர்கள் ஒரு பஸ் தூரத்தில் இருந்தார்கள்.

எங்களை நடத்திப் போனவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஆச்சி. கூடவே தேன் எடுக்கப் போகிற அவருடைய மகன். ஆச்சி ஒவ்வொரு செடியாக நின்று விளக்கம் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு நடந்தார். பாலை மரத்தடியில் உதிர்ந்து கிடந்த பழத்தைப் பொறுக்கித் தந்து, "கனக்கத் தின்னாத மனே, பால் சொண்டில ஒட்டும்" என்றார். களப்போரம் வந்ததும் தில்லை மரத்தைக் காட்டி, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கிளையை ஒடிக்கவே கூடாது என்றார். காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டும்போது கொடியோடு சேர்ந்த தலைப்பக்கத்தை விட்டுவிட்டு மண்ணை மூட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது என்று மகன் தோண்டியே காட்டினார். குளம் வற்றிய காலத்தில் கொட்டிக்கிழங்கு கிண்டித் தின்ற கதை வந்தது. இடையிடையே "இதில வச்சுத்தான் என்ட தாய்க்குப் பாம்பு கடிச்சது", "இந்தப் பக்கம் தொண்ணூறுக்குப் பிறகு நாங்க வரயில்ல" என்று வேறு கதைகளும். எங்கள் நான்கு நிரல்களுக்குள் இவற்றை எப்படிப் போடுவது என்று தெரியாமல் தோழி திணறினாள்.

மத்தியானம் மரத்தடியில் சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது ஆச்சி கொப்பியை வாங்கிப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. எங்களில் ஒருவன் வாசித்துக் காட்டினான். கேட்டுவிட்டு, கோபமே இல்லாமல், "எல்லாம் எழுதியிருக்கிறீங்க. சொன்ன ஆள எங்க எழுதினீங்க?" என்றார்.

நான்கு நிரலில் ஒன்றிலும் அது இல்லை. அந்தக் கேள்வியோடுதான் திரும்பி வந்தோம். பிறகு நூலகத்தில் உட்கார்ந்து தேடியபோது, சொன்ன ஆளை எழுதாமல் விடுவது எங்களோடு தொடங்கிய பழக்கம் இல்லை என்று தெரிந்தது. எங்கள் துறைமுகத்துக்கு வந்து போனவர்களின் மூன்றரை நூற்றாண்டுப் பழக்கம் அது.

நொக்ஸும் ஒரு காய்ந்த இலையும்

மூதூருக்குப் போகிறவர்களுக்கு 'வெள்ளைக்காரன் மரம்' கதை தெரிந்திருக்கும். 1659 கார்த்திகையில் மசூலிப்பட்டினத்தில் புயலில் சிக்கிப் பெரிய பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், அதைச் சரிசெய்யவும் வியாபாரம் பார்க்கவும் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் கப்பல் தலைவனும் அவருடைய மகன் றொபேட் நொக்ஸும் வேறு மாலுமிகளும் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். அவர்கள் பிடிபட்ட இடமென்று சொல்லப்படும் புளிய மரத்தடியில் 1893இல் ஒரு நினைவுக்கல் நாட்டினார்கள். மூதூரில் நின்ற மரம், அதன் பழத்தில் புளி கரைத்தவர்கள் மூதூர்ச் சனம், பெயர் மட்டும் வெள்ளைக்காரனுடையது.

மகன் நொக்ஸ் பத்தொன்பது வருடங்கள் கைதியாக இருந்து, 1679இல் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி ஓடினான். 1681இல் இலண்டனில் அவனுடைய புத்தகம் வந்தது. அதில் நாங்கள் தேடியது இரண்டு இடங்கள்.

முதலாவது, காய்ச்சல். வரண்ட காட்டுப் பகுதியில் குட்டைத் தண்ணீரைக் குடித்து நோய்வாய்ப்பட்டபோது அதற்கு ஒரு மாற்று மருந்தைத் தாங்கள் கற்றுக்கொண்டதாக நொக்ஸ் எழுதுகிறான். காய்ந்த இலையைப் பொடியாக்கி, சக்கரையோடு சேர்த்து, காலையும் மாலையும் வெறும் வயிற்றில் சாப்பிட்டார்களாம். அவன் தருகிற 'பங்கா' என்ற பெயரிலிருந்து அது கஞ்சா இலை என்று தெரிகிறது. அதன் பிறகு நோய் வரவில்லை என்கிறான். அந்த மருந்து வேலை செய்ததா என்பதைச் சொல்ல நாங்கள் மருத்துவர்கள் இல்லை. எங்கள் கவனம் போனது வேறு இடத்துக்கு. 'கற்றுக்கொண்டோம்' என்று எழுதியவன், யாரிடம் கற்றான் என்று எழுதவில்லை.

நொக்ஸ் ஊர் திரும்பியதும் அவனோடு நெருங்கிப் பழகி, புத்தகத்துக்கு முன்னுரையும் எழுதியவர் றொபேட் ஹூக். கலம் என்ற சொல்லை உயிரியலுக்குத் தந்த அதே ஹூக்தான். 1689 மார்கழியில் அவர் இலண்டன் றோயல் சொசைட்டியில் இந்த இலையைப் பற்றி ஓர் உரை வாசித்தார். தனக்கு அதைத் தந்தவர் ஒருவர் என்று சொன்னாரே தவிர, பெயரைச் சொல்லவில்லை. அந்த ஒருவர் நொக்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கருத்து. ஆக, இலங்கைக் காட்டில் யாரோ ஒருவர் நோயாளியான கைதிக்குக் காட்டிக் கொடுத்த இலை, முப்பது வருடத்துக்குள் உலகத்தின் பெரிய விஞ்ஞான சபையில் பேசுபொருளாகிவிட்டது. கைமாறிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெயர் கழன்று விழுந்திருக்கிறது. முதலில் விழுந்தது, காட்டிக் கொடுத்தவரின் பெயர்.

இரண்டாவது இடம் வேடர்களைப் பற்றியது. அவர்கள் இரவில் கொல்லனின் பட்டறைக்கு வந்து இறைச்சியைத் தொங்கவிட்டுப் போவார்களாம். தங்களுக்கு வேண்டிய அம்பின் வடிவத்தில் ஓர் இலையை வெட்டிப் பக்கத்தில் வைப்பார்களாம். கொல்லன் அதே அளவில் அம்பு செய்து வைத்தால், பிறகும் இறைச்சி வரும். ஏமாற்றினால் இன்னோர் இரவில் அம்பு வரும். பாடப்புத்தகத்தில் இதைப் பண்டமாற்று என்று ஒரு வரியில் படித்திருக்கிறோம். திரும்ப வாசித்தபோதுதான் ஒழுங்குமுறை கண்ணில் பட்டது: முதலில் கொடுக்கிறார்கள், பிறகுதான் கேட்கிறார்கள்.

'ரி' என்ற ஓர் எழுத்து

ஒல்லாந்தர் காலத்தில் கொம்பனியின் மருத்துவராக 1672இல் இலங்கைக்கு வந்த போல் ஹேர்மன் சில வருடங்கள் இங்கே செடிகளைச் சேர்த்து உலர்த்தினார். அவர் இறந்து பல காலத்துக்குப் பிறகு அந்தச் சேகரிப்பு சுவீடனில் இருந்த கார்ல் லின்னேயஸின் கைக்குப் போனது. அதை வைத்து அவர் 1747இல் 'இலங்கைத் தாவரங்கள்' பற்றிய நூலை வெளியிட்டார். லின்னேயஸ் இலங்கையில் கால் வைத்ததே இல்லை. அந்த உலர்ந்த செடிகள் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. புதிய ஊரில் வந்திறங்கிய ஒரு மருத்துவருக்கு எந்தச் செடி எங்கே நிற்கிறது, எதற்கு ஆகும் என்று தானாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. யாரோ முன்னால் நடந்திருக்கிறார்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஹென்றி ட்ரைமன் 1893 முதல் வெளியிட்ட இலங்கைத் தாவரக் கைந்நூலில் உள்ளூர்ப் பெயர்களும் உண்டு. சிங்களப் பெயரென்றால் 'எஸ்', தமிழ்ப் பெயரென்றால் 'ரி' என்று பக்கத்தில் ஓர் எழுத்து. ட்ரைமனுக்கு நாங்கள் நன்றி சொல்லத்தான் வேண்டும். அவர் எழுதியிருக்காவிட்டால் சில பெயர்கள் எங்களுக்கு வந்தே சேர்ந்திராது. ஆனால் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஒரு மரத்தோடு புழங்கிய சனமெல்லாம் சேர்ந்து அந்த ஒற்றை எழுத்தாகிவிட்டது.

எங்கள் துறைமுகத்துக்கே ஓர் உதாரணம் இருக்கிறது. சவண்டலை என்றும் சமண்டலை என்றும் நாங்கள் சொல்கிற, சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படுகிற மரம், ஆங்கில வியாபாரிகளிடம் 'திருக்கோணமலை மரம்' என்றே பெயர் பெற்றது. இங்கிருந்து கப்பலேறி மதராஸுக்குப் போய், அங்கே அலை அடிக்கும் கரையில் ஆட்களை இறக்கிய மசூலா படகுகளுக்குப் பலகையானது. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைக்கிற படகு அது. அலையில் வளைந்து கொடுக்கிற மரம் வேண்டும். இந்த மரத்துக்கு அந்தக் குணம் உண்டு என்று கண்டுபிடித்தவர்களின் பெயர் தெரியாது. தாவரவியல் பெயரான பெரியா, மதராஸில் இருந்த அன்ட்ரூ பெரி என்ற மருத்துவரின் நினைவாக வந்தது. வைத்தியருக்கு ஒரு பெயர், துறைமுகத்துக்கு ஒரு பெயர், மரத்தைத் தெரிந்து வெட்டியவருக்கு ஒன்றுமில்லை.

எண்ணிக்கையிலிருந்து காணாமல் போனவர்கள்

செடிக்குப் பக்கத்தில் பெயர் இல்லாமல் போனது ஒரு பக்கம். சனத்தொகைக் கணக்கிலிருந்தே பெயர் போனது இன்னொரு பக்கம்.

1911இல் செலிக்மன் தம்பதியர் வேடர்களைப் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார்கள். அதில் கிழக்குக் கரையோர வேடர்களும் வருகிறார்கள். தமிழ் பேசுபவர்கள், மீன்பிடிப்பவர்கள், பக்கத்துச் சனங்களோடு மிகவும் கலந்துபோனவர்கள் என்ற பார்வை. அவர்களுடைய சடங்குகளில் 'கப்பல் பேய்' வருவதையும் அந்த நூல் பதிந்திருக்கிறது. கடல் தாண்டி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்தே பழகிய ஒரு கரையின் நினைவு, சடங்கில் கப்பலாக நிற்பதில் எங்களுக்கு ஆச்சரியமில்லை. ஆனால் 'கலந்துபோனவர்கள்' என்ற அந்த முத்திரை பிறகு ஒட்டிக்கொண்டது. காட்டில், வில்லோடு, தனி மொழியோடு இருந்தால்தான் அசல் வேடர். வலையோடும் தமிழோடும் இருந்தால் அரைகுறை.

சனத்தொகைக் கணக்கெடுப்புகளைப் பாருங்கள். 1911இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 5,300 வேடர். 1946இல் ஏறத்தாழ 2,300. 1953இல் 800. 1963இல் 400. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு அவர்கள் தனிப் பிரிவாகவே காட்டப்படவில்லை. ஐம்பது வருடத்தில் ஆட்கள் இவ்வளவு வேகமாகச் செத்துப்போகவில்லை. சிங்களக் கிராமத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சிங்களவராகவும், தமிழ்க் கிராமத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் தமிழராகவும் எழுதப்பட்டார்கள். சிலர் தாங்களாகவே அப்படிச் சொன்னார்கள். ஏன் சொன்னார்கள் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வகுப்பறைகளில் 'வேடன்' என்பது ஏச்சுச் சொல். எங்களில் ஒருவன் பஸ்ஸில் வரும்போது தானே ஒத்துக்கொண்டான், ஆறாம் வகுப்பில் ஒரு பொடியனை அப்படிக் கூப்பிட்டு அழ வைத்ததை. அந்தப் பொடியன் இந்தப் பக்கத்து ஊர்க்காரன்.

பிறகு 2004இல் சுனாமி. 2006இல் மூதூர் கிழக்கில் யுத்தம். சனம் வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்புக்குமாக ஓடி, முகாம்களில் இருந்து, 2007க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. மருந்துச் செடியைப் பற்றிய அறிவு நடக்கிற அறிவு. கூட நடந்தால்தான் பிள்ளைக்கு வரும். முகாமில் நடக்கப் பாதை இல்லை. "என்ட பேத்திக்குப் பனடோல் பேர் எல்லாம் தெரியும். இந்த இலை தெரியாது. அவள் பிறந்த நேரம் நாங்க காட்டுக்குள்ள போகயில்லையே" என்று ஆச்சி சொன்னது அதைத்தான். இப்போது காட்டுக்குள் எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள், தேனெடுக்கப் போனாலும் கேள்வி கேட்கிறார்கள் என்று மகன் சொன்னார்.

இந்தக் கதை இங்கு மட்டும் நடந்ததல்ல. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது அங்கிருந்த வேடர் குடும்பங்கள் பல வெளியே குடியேற்றப்பட்டன. தம்பானையில் மிஞ்சி நின்றவர்களிடம்தான் நாங்கள் சுற்றுலா போனோம். வேட்டையாடவும் தேனெடுக்கவும் இருந்த காடு கைவிட்டுப் போன பிறகு, வேட்டையையும் தேனையும் பயணிகளுக்கு ஆடிக் காட்டுவது வருமானமானது. அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. பார்க்கப் போனவர்கள் நாங்கள்.

காணிகளின் பழம்

அப்படியென்றால் இந்த மாதிரி நடைகளே வேண்டாமா? எங்களுக்குள் இதுதான் பெரிய சண்டை. சித்த மருத்துவம் படிக்கிற தோழி விட்டுக்கொடுக்கவில்லை. "எழுதாட்டி ஆச்சியோட எல்லாம் போயிடும். ட்ரைமன் எழுதினபடியால்தானே இண்டைக்கு நீங்க ட்ரைமனைத் திட்டுறீங்க?" என்றாள். பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி.

அவளே ஒரு கதையையும் கொண்டுவந்தாள். 1987இல் அகத்தியர் மலைப் பகுதியில் தாவர ஆய்வாளர்கள் சிலர் காணிப் பழங்குடியினரை வழிகாட்டிகளாக வைத்துக்கொண்டு மலை ஏறினார்கள். ஆய்வாளர்கள் களைத்துப்போக, வழிகாட்டிகள் மட்டும் ஏதோ ஒரு சின்னப் பழத்தை மென்றுகொண்டு உற்சாகமாக ஏறினார்கள். கேட்டபோது சொல்லத் தயங்கினார்கள், பிறகு காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை என்று இன்று அறியப்படும் அந்தச் செடியிலிருந்து திருவனந்தபுரத்தில் இருக்கிற ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தைச் செய்து, கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. வந்த பணத்தில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகத்திலேயே முன்னோடியான பங்கீடு என்று இதைப் பாராட்டினார்கள். காணிகளுக்குள்ளேயே, எல்லாரையும் கேட்காமல் சிலர் சொன்னதை வைத்து முடிவெடுத்தார்கள் என்ற மனக்குறையும் இருந்தது. அந்தச் செடியின் தாவரவியல் பெயரின் பின்பாதி 'சேலனிக்கஸ்'. இலங்கைக்குரியது என்று பொருள். முதலில் விவரிக்கப்பட்டது இங்கே கிடைத்த செடியை வைத்துத்தான்.

அந்த மலையில் நடந்ததும் ஒரு மூலிகை நடைதான். வித்தியாசம், பிறகு என்ன செய்தார்கள் என்பதில். குறையோடு என்றாலும், சொன்னவரை எழுதினார்கள், பங்கும் கொடுத்தார்கள். 2024 வைகாசியில் ஜெனீவாவில், பாரம்பரிய அறிவை வைத்துக் காப்புரிமை கேட்பவர் அந்த அறிவு எந்தச் சமூகத்திடமிருந்து வந்தது என்று வெளிப்படுத்த வேண்டும் என்ற உடன்படிக்கை நிறைவேறியது. ஆச்சி மரத்தடியில் கேட்ட கேள்வியைத்தான் நாடுகளெல்லாம் கூடிப் பேசியிருக்கின்றன.

இரண்டாவது தடவை

மூன்று கிழமை கழித்து எங்களில் ஆறு பேர் திரும்பப் போனோம். இந்த முறை போஸ்டர் இல்லை. கொப்பியில் இரண்டு நிரல்களைக் கூட்டியிருந்தோம்: 'சொன்னவர்', 'வெளியில் சொல்லலாமா?'. எழுதிய ஒவ்வொன்றையும் ஆச்சிக்கு வாசித்துக் காட்டினோம். சில இடங்களில் நாங்கள் பிழையாக விளங்கியிருந்தோம், திருத்தினார். மூன்று செடிகளை வெட்டச் சொன்னார். ஒன்று, அளவு தெரியாமல் கொடுத்தால் ஆளைக் கொல்லும். மற்ற இரண்டும் பக்கத்துக் காட்டில் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன. "பேர் தெரிஞ்சா லொறி வரும் மனே" என்றார். தோழி ஒரு நிமிடம் பேசாமல் இருந்தாள். பிறகு அவளே பேனாவை எடுத்து வெட்டினாள்.

அவருடைய பெயரைப் போடலாமா என்று கேட்டோம். கொப்பியில் போடுங்கள், 'கொம்பியூட்டரில்' போடாதீர்கள் என்றார். அதனால்தான் இந்தக் கட்டுரையில் அவர் ஆச்சி மட்டும். கொப்பியில் முழுப் பெயரும், அவருடைய தாயின் பெயரும் இருக்கின்றன. அதன் ஒரு பிரதி ஊரிலேயே இருக்கிறது, பேத்தியின் பாடசாலைப் பைக்குள்.

இப்படிச் செய்ததால் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று நாங்கள் நினைக்கவில்லை. எல்லைக்கல் அங்கேயேதான் நிற்கிறது. வகுப்பறை ஏச்சும் அப்படியே இருக்கிறது. ஆனால் இதை வாசிக்கிற நீங்கள் இப்படியொரு நடைக்கு ஆள் சேர்ப்பதாக இருந்தால், கொப்பியில் கோடு போடும்போதே அந்த இரண்டு நிரல்களையும் போட்டுவிடுங்கள். போகும்போது வெறுங்கையோடும் போகாதீர்கள். நாங்கள் இரண்டாம் முறை போனபோது பேத்திக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்க ஒருத்தியைக் கூட்டிப் போனோம், அவள் இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை போகிறாள். பட்டறை வாசலில் முதலில் இறைச்சியைத் தொங்கவிட்டுப் போனவர்களின் ஊருக்கு, நாங்கள் ஒரு நடை பிந்தித்தான் எதையாவது கொண்டுபோனோம்.